கண்ணுக்குத் தெளிந்த தண்ணீர்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி தேவலையா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா?

ஓட்டல் வரவேற்பறையில் புதிதாக உப்புநீர் மீன்தொட்டி வைத்திருக்கிறோம். தண்ணீர் பளிங்கு மாதிரி தெரிந்தாலும் உடனே மீன் விடக்கூடாது. கழிவை முறிக்கும் நுண்ணுயிர்கள் பெருகச் சில வாரமாகும். அதுவரை மீனின் கழிவே மீனுக்கு விஷம். அறையில் என்னோடு இருக்கும் அண்ணனுக்கு இதைச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். போனில் “என் பையனப் பாத்துக்கோப்பா” என்று ஒருவரிடம் சொல்வீர்களே, அவரேதான்.

முதலாளி அவசரப்படுத்தியதும், நான் லீவில் இருந்த நாளில் அந்த அண்ணன் மீன்களை விட்டுவிட்டார். எல்லாம் செத்து மிதந்தன. நான் திரும்பியதும் முதலாளி எங்களைக் கூப்பிட்டு விசாரித்தார்.

“தண்ணி சரியாயிடுச்சு, விடலாம்னு தம்பிதான் சார் சொன்னான்” என்றார், என் முகத்தைப் பார்க்காமலே. என் தட்டில் சாப்பிட்ட மனுஷன் அம்மா!

பதறாதீர்கள், வேலை போகவில்லை. திட்டு மட்டும்தான். அறைக்கு வந்ததும், “மனசுல வச்சுக்காதடா” என்றார். எங்கே வைத்துக்கொள்வதாம்?

இப்போது தனியாகச் சமைத்துக்கொள்கிறேன். யாராவது இந்தப் பக்கம் வந்தால் ஒரு சின்னப் பாத்திரம் கொடுத்தனுப்புங்கள். டியூட்டிக்கு நேரமாகிவிட்டது. ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி போடுவது என்று மறக்காமல் எழுதுங்கள். கை பழக்கத்தில் இரண்டு பேருக்கே அள்ளிவிடுகிறது. மிச்சத்தை அவருக்குக் கொடுக்கவும் மனம் வரவில்லை, கொட்டவும் மனம் வரவில்லை.

உங்கள் மகன்