மாடி அறைச் சத்தம்

மட்டாஞ்சேரி
9 ஜூன் 2024

அன்புள்ள லோகாவுக்கு,

பிறந்தகம் கிளம்பிய அன்று வாசலில் நின்று நீ கேட்டது காதிலேயே இருக்கிறது. "நம்ம சுதர்ஷன் அன்னிக்கு அக்கரை போற போட்டைப் பிடிச்சிருந்தா பைக்கை எடுத்திருக்கவே மாட்டானே. அவன் உயிரோட இருக்கற வேற உலகம் உண்டுன்னு சயன்ஸ் வீடியோல அத்தனை பெரியவா சொல்றா. நீங்க மட்டும் ஏன் இல்லேங்கறேள்?" பதில் சொல்வதற்குள் ஆட்டோ நகர்ந்துவிட்டது. போனில் பேசினால் இருவருக்கும் குரல் உடைகிறது. எழுதுகிறேன்.

நடக்கக்கூடிய ஒவ்வொன்றுக்கும் ஓர் உலகம் பிரிகிறது என்பவர்கள் முட்டாள்கள் இல்லை. கணக்கெல்லாம் சரியாகவே வருகிறது. ஆனால் நம் தெரு இஞ்சிக் கடைத் தராசை நினைத்துக்கொள். மூட்டை வைத்தாலும் எடுத்தாலும் முள் அசையவே இல்லை என்றால் அதை யார் வாங்குவார்? அந்த உலகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இங்கே எதுவும் மாறாது என்றால், அதை அறிவு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆசை என்பேன்.

மழை பிடித்துவிட்டது. பிரஷர் மாத்திரையை மறக்காதே.

உன்
வெங்கிடேஸ்வரன்


கல்பாத்தி
17 ஜூன்

சுதர்ஷன் அப்பாவுக்கு நமஸ்காரம்.

"அத்திம்பேர் தபால்ல டியூஷன் ஆரம்பிச்சாச்சா அக்கா?" என்று ஹரி சிரிக்கிறான். தம்பிதானே, கோபிக்காதீர்கள்.

தராசு புரிந்தது. ஆனால் மாடியில் அவன் அறை? விபத்து நடந்த அன்றே பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டீர்கள். பதினான்கு மாதமாக உள்ளே அந்த டக், டக். பக்கத்துக் கிடங்கு மெஷின் என்றீர்கள். கிடங்குக்கு ஞாயிற்றுக்கிழமைகூட லீவ் கிடையாதா? போட்டைப் பிடித்தவன் வேலை முடிந்து வந்து மேலே நடக்கிறான் என்று நான் நினைத்துக்கொண்டேன். இல்லையென்றால் திறந்து காட்டுங்கள். வகுப்பில் அப்படித்தானே செய்வீர்கள்?

லோகாம்பாள்


மட்டாஞ்சேரி
26 ஜூன்

அன்புள்ள லோகாவுக்கு,

ஈரத்தில் கதவு மரம் உப்பியிருக்கிறது. மழை விட்டதும் திறக்கிறேன். மெஷினை ஞாயிறும் ஓட்டுகிறார்கள் போலிருக்கிறது.

நேற்றுச் சாயங்காலம் கதவு வரை போனேன். அடியிலிருந்து பாதத்தில் காற்று பட்டது. இறங்கி வந்துவிட்டேன்.

நீ இல்லாமல் ரசம் ருசிப்பதில்லை.

வெங்கிடேஸ்வரன்


கல்பாத்தி
4 ஜூலை

சுதர்ஷன் அப்பாவுக்கு,

ஒன்று கேட்கிறேன். கரண்ட் போனால் அந்தச் சத்தம் என்ன ஆகிறது?

நின்றுவிடும். கரண்ட் வந்ததும் மெள்ள ஆரம்பிக்கும். எனக்கு முதல் வாரமே தெரியும். போட்டுக்கு நேரமாச்சு என்று ஓடினவன் ஃபேனை நிறுத்தவில்லை.

அவன் தொட்டதில் இன்னும் ஓடிக்கொண்டிருப்பது அது ஒன்றுதான். அதை நிறுத்த மனசில்லாமல் நான் ஓர் உலகத்தை வைத்துக்கொண்டேன், நீங்கள் ஒரு மெஷினை. உங்களுக்கும் தெரியும். கரண்ட் போகும்போதெல்லாம் மாடியை நிமிர்ந்து பார்ப்பீர்களே, நான் உங்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒரே சத்தத்தை இருவரும் தனித்தனியாகக் கேட்டுக்கொண்டு ஒரு வீட்டில் இருக்க என்னால் முடியவில்லை. திறப்பதானால் எழுதுங்கள், வருகிறேன். இல்லையென்றால் இங்கேயே இருந்துவிடுகிறேன்.

லோகாம்பாள்


மட்டாஞ்சேரி
10 ஜூலை

லோகா,

ஆமாம். தெரியும்.

இன்று காலை திறந்தேன். மூலையெல்லாம் பூஞ்சை. அவன் சட்டைகள் பச்சை பூத்திருக்கின்றன. ஃபேனுக்கு நேர் கீழே மட்டும், கட்டிலில், காற்று விழுகிற இடத்தில், பூஞ்சையும் இல்லை, தூசியும் இல்லை. இப்போதுதான் யாரோ எழுந்து போன மாதிரி இருந்தது. உட்காரப் போனேன். உட்காரவில்லை.

சுவிட்ச் வரை கை போயிற்று. என்னால் ஆகவில்லை. அதற்கு நீ வேண்டும். கதவை இனி பூட்டமாட்டேன். ஹரியை அழைத்துக்கொண்டு சனிக்கிழமை ரயிலில் வா. இரண்டு பேருமாகச் செய்வோம்.

அதற்கு முன் அங்கே ஒன்று செய்து பார். மதியம் நீ படுக்கும் அறையில் ஃபேனை நிறுத்து. கையை எடுத்த பிறகும் அது சுற்றும். தானாக நிற்கும்வரை கீழேயே நின்று பார்த்துக்கொண்டிரு.

உன்
வெங்கிடேஸ்வரன்