சனிக்கிழமை ஓரிக்கை, ஞாயிற்றுக்கிழமை தாமல்

நேற்று அம்மியில் அதிமதுரம் தட்டினேன். பள்ளிக்கூடத்துப் பந்தாட்டம் பார்க்கப் போன நம் மகள் தொண்டை கட்டிக்கொண்டு வந்து நின்றாள். அந்த வாசனை எழுந்ததும் எனக்குக் கை ஓடவில்லை. அப்படியே போட்டுவிட்டு அவளை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். "கத்தினதுக்கெல்லாமா டாக்டர்கிட்ட போவாங்க? இன்னாம்மா நீ" என்று வழியெல்லாம் சண்டை பிடித்தாள். டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றுதான் சொன்னார். வீட்டுக்கு வந்தும் மனசு அடங்கவில்லை. இதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

நமக்குக் கல்யாணமான முதல் கோடை அது. வாலாஜா பஸ்ஸில் நீங்கள் கண்டக்டர். பெரிய காஞ்சிபுரத்தில் நம் தெருப் பையன்கள் வாலிபாலுக்கு ஒரு டீமும் கபடிக்கு ஒரு டீமும் வைத்திருந்தார்கள். இரண்டிலும் பாதிப்பேர் ஒரே ஆட்கள்தான். எங்கே போனாலும் தோற்றுத்தான் வருவார்கள். நீங்கள் ஒருநாளும் இறங்கி ஆடியதில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "நான் ஆடினா இன்னும் சீக்கிரமா தோத்துடுவாங்க. வெளிய நின்னு கத்தறதுக்கு ஒரு ஆள் வேணும் இல்ல?" என்றீர்கள். அவர்கள் தோற்றுவந்த நாளில் உங்களுக்குச் சோறு இறங்காது. புதுப்பெண்ணான எனக்கு அது வேடிக்கையாக இருந்தது.

ஒரு சனிக்கிழமை ஓரிக்கையில் வாலிபால். லீவு போட்டுவிட்டு வந்து, "சரசு, நீயும் வா" என்றீர்கள்.

"பொம்பளைங்க யாரு வருவாங்க அங்க?"

"நீ வந்தா ஒருத்தி வந்த மாதிரி ஆச்சு."

சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வந்தேன். பாலாற்று மணல் காற்றில் வந்து கண்ணில் விழுந்தது. முதல் செட் போய்விட்டது. அடுத்த இரண்டையும் நம்மவர்கள் எடுத்துவிட்டார்கள். ஒவ்வொரு பந்துக்கும் பேர் சொல்லிக் கத்தினீர்கள். திரும்பும்போது ஒவ்வொரு பாயிண்டையும் மறுபடி எனக்கு விவரித்தீர்கள், நான் ஏதோ வீட்டிலேயே இருந்துவிட்டது போல.

மறுநாள் தாமலில் கபடி. வற்றிய ஏரிக்குள் ஆட்டம், கரை முழுக்க அவர்கள் ஊர்க் கூட்டம். கடைசியில் சேகர் கபடி பாடிப் போனான். சாயப்பட்டறையில் வேலை பார்த்த சின்ன உருவம். ஒருத்தனைத் தொட்டுத் திரும்பும்போது கணுக்காலைப் பிடித்துவிட்டார்கள். குப்புற விழுந்தான். கோட்டுக்கு ஒரு சாண் இருந்தது. "கை நீட்டு சேகரு, கை நீட்டு" என்று நீங்கள் கத்தியது எதிர்க்கரை வரை போயிருக்கும். பாட்டை விடாமல் அவன் நீட்டினான். நீலம் ஏறிய விரல் கோட்டைத் தொட்டது. விசில் கேட்டது.

பஸ்ஸில் வரும்போது பாலுசெட்டி சத்திரத்தில் இறங்கி, நமக்குத் தெரியாதவர்களுக்கெல்லாம் செய்தி சொன்னீர்கள். வீட்டுக்கு வந்தபோது உங்கள் தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. "ரெண்டு ஜெயிப்புக்கு ஒரு தொண்டை போவட்டுமே" என்று கிசுகிசுத்துச் சிரித்தீர்கள். நான் அதிமதுரம் தட்டிக் கொடுத்தேன்.

அந்தத் தொண்டை திறக்கவே இல்லை. தெருவில் எல்லோரும் "ஜெயிச்ச தொண்டை" என்று உங்களைக் கூப்பிட்டார்கள். பஸ்ஸில் ஊர்ப்பேர் சொல்ல முடியாமல் விசிலையே ஊதிக்கொண்டிருந்தீர்கள். "கத்திக்கினே இருந்தா எப்படி ஆறும்?" என்று நானும் கேட்டேன். மழைக்காலம் வந்தபிறகு, சோறு விழுங்கும்போது நீங்கள் முகம் சுளிப்பதைப் பார்த்துத்தான் மெட்ராசுக்குப் போனோம். அங்கே டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். "கத்தினதால வந்த கட்டி இல்லம்மா இது. அதுக்கு முன்னாடியே இருந்திருக்கு" என்றார்.

அன்றிலிருந்து இது என்னைவிட்டுப் போகவில்லை. அந்த இரண்டு நாளும் அவர்கள் வழக்கம்போலத் தோற்றிருந்தால், நீங்கள் வாய்மூடித் திரும்பியிருப்பீர்கள். அப்புறம் தொண்டை கட்டியிருந்தால் ஏன் என்று யாராவது கேட்டிருப்போம். அந்த வெற்றிகள்மேல் கோபப்பட முயன்றிருக்கிறேன். முடியவில்லை. நீங்கள் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் வேறெப்போதும் பார்த்ததில்லை.

ஆபரேஷனில் குரலை எடுத்துவிட்டார்கள். அடுத்த கோடையில் தாமலில் மறுபடி ஆட்டம் என்றதும், கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு கிளம்பி நின்றீர்கள். நான் அப்போது முழுகாமல் இருந்தேன். பையன்கள் உங்களுக்குக் கரையில் நாற்காலி போட்டார்கள். சேகர் பாடிப் போனதும் நீங்கள் எழுந்துவிட்டீர்கள். வாய் திறந்தது, சத்தம் இல்லை. என் முழங்கையைப் பிடித்து உலுக்கினீர்கள். உங்கள் உதட்டைப் பார்த்து, "இடது பக்கம் பாரு" என்று மெதுவாகச் சொன்னேன். மறுபடி உலுக்கினீர்கள். அப்புறம் எனக்கு யாரும் கண்ணுக்குத் தெரியவில்லை. "இடது பக்கம் பாரு சேகரு. கை நீட்டு" என்று கத்தினேன். ஆட்டத்தின் நடுவே சேகர் திரும்பி நம்மைப் பார்த்துவிட்டான். அந்த ஒரு நொடியில் அவனை மடக்கிவிட்டார்கள். தோற்றோம். நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்து என் கையைப் பிடித்தபடியே இருந்தீர்கள். வெகுநேரம் விடவில்லை.

ஐப்பசியில் போய்விட்டீர்கள். மகள் பிறந்து கண்விழித்துப் பார்க்கத் தொடங்கிய சமயம். உங்களைத் தூக்கிய தோள்களில் ஒன்று சேகருடையது.

"அப்பா கொரல் எப்படிம்மா இருக்கும்?" என்று சின்ன வயதில் அவள் அடிக்கடி கேட்பாள். நீங்கள் பேசியதை எல்லாம் பேசிக் காட்டுவேன். உங்கள் முகம், நடை, டிக்கெட் கிழிக்கும் விரல், எல்லாம் என்னிடம் அப்படியே இருக்கின்றன. குரல் மட்டும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு எத்தனையோ முறை கேட்டுப் பார்த்துவிட்டேன். ஏரிக்கரையில் நின்று நீங்கள் வாயைத் திறக்கிறீர்கள். எனக்குக் கேட்பது என் குரல்தான்.