சிவப்பே வராது சார்

2009 பிப்ரவரி 4, புதன்

டெஸ்ட் ஃபெயில். திரையில் வந்தது இவ்வளவுதான்: 'எதிர்பார்த்தது உண்மை, வந்தது பொய்.' எந்த உண்மை? யார் சொன்ன பொய்? கிளி ஜோசியக்காரன்கூட இதைவிட விவரமாகச் சொல்வான்.

சிப்காட்டில், லாரி பிரேக்கில் மாட்டும் 'பின்' என்கிற இரும்பு முளையைச் செய்யும் ஒரு ஃபேக்டரிக்காக நாங்கள் சாஃப்ட்வேர் எழுதுகிறோம். கருவி ஒவ்வொரு பின்னையும் அளக்கும். எங்கள் ப்ரோக்ராம் 'நல்லது' அல்லது 'தள்ளு' என்று சொல்லும். எழுதுவது சுபாஷ், திருநெல்வேலிக்காரன். அவன் எழுதியதை டெஸ்ட் வைத்துச் சோதித்துக் குற்றம் கண்டுபிடிப்பது என் உத்தியோகம். எங்கள் ஊர் பாரூரில் அம்மா இதே வேலையைச் சம்பளம் இல்லாமல் செய்கிறாள்.

பிப்ரவரி 6, வெள்ளி

மேட்சரை நாமே எழுதிக்கொள்ளலாமாம்! இத்தனை நாள் யாரும் சொல்லவில்லை.

'இது சமமா', 'இது பெரிதா' என்று டெஸ்ட் கேட்கும் கேள்விதான் மேட்சர். ரெடிமேடாகக் கொஞ்சம் வரும். நமக்கு வேண்டிய கேள்வி அதில் இல்லையென்றால் நாமே தைத்துக்கொள்ள வேண்டியதுதான். எதைப் பார்க்க வேண்டும், பொருந்தாவிட்டால் என்ன சொல்ல வேண்டும், இரண்டையும் எழுதிவிட்டால் போதும்.

முதல் மேட்சருக்கு 'நிஜமாகவே நல்ல பின்' என்று பெயர் வைத்தேன். அளவு வரம்புக்குள் இருக்க வேண்டும். இப்போது அளந்த அளவாகவும் இருக்க வேண்டும். பழையதைத் தூக்கிக்கொண்டு வரக் கூடாது.

பிப்ரவரி 10, செவ்வாய்

பொருந்தாவிட்டால் என்ன சொல்ல வேண்டும் என்பது என் இஷ்டம் அல்லவா? தமிழில் சொல்ல வைத்தேன், இங்கிலீஷ் எழுத்தில். 'ஏன்டா, பன்னெண்டு கேட்டா பதினாலு குடுக்கற, அளவு தெரியாதா?'

சுபாஷ் படித்துவிட்டு நாற்காலியோடு திரும்பினான். "என்ன பூங்கொடி, இந்த ஏசு ஏசுத?"

"உன்ன இல்ல. உன் ப்ரோக்ராம."

"அது என் புள்ள மாதிரில்லா."

"அப்ப ஒழுங்கா வளத்து."

சிரித்தான். ஆனால் உடனே சரிசெய்தான். எந்த இடத்தில் தப்பு என்று அதிலேயே இருக்கிறதே. நேரில் யார் என்ன சொன்னாலும் 'சரிங்க சார்' என்று தலையாட்டுகிற நான், மேட்சருக்குள் மட்டும் சந்தைக்கடை வாய்க்காரி.

பிப்ரவரி 24, செவ்வாய்

மேல்மாடி கம்பெனியில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அமெரிக்காவில் பேங்க் விழுந்தால் பாகலூர் ரோட்டில் ஏன் நாற்காலி காலியாகிறது?

இன்று ஒரு டெஸ்டில், கருவியின் ஒயர் கழன்றுவிட்டதாக வைத்துக்கொண்டேன். புது அளவு வராது. ப்ரோக்ராம் 'தள்ளு' என்று சொல்ல வேண்டும். அது கடைசியாக வந்த அளவையே வைத்துக்கொண்டு 'நல்லது, நல்லது' என்று முத்திரை குத்திக்கொண்டே போகிறது. எந்தப் பின்னும் பாஸ். அந்தப் பின்னை மாட்டிய லாரி தொப்பூர் கணவாயில் இறங்கினால்?

பிரதாப் சாரிடம் சொன்னேன். அவர்தான் எங்கள் லீட். தினமும் பெங்களூரிலிருந்து வருவார், வரும்போதே களைத்திருப்பார். "ஒயர் யாரும்மா கழட்டப் போறாங்க? டெமோ முடியட்டும்."

சரிங்க சார்.

மார்ச் 5, வியாழன்

இன்று ஃபேக்டரிக்காரர்களுக்கு டெமோ.

காலையில் எல்லா டெஸ்டும் பச்சை, அதாவது பாஸ். சுபாஷ் முழித்தான். "நான் ஒண்ணும் சரி பண்ணலியே." என் மேட்சரைத் திறந்து பார்த்தேன். நான் எழுதிய எதுவும் இல்லை. ஒரே வரி: எது வந்தாலும் சரி என்று சொல். கல்லை வைத்தாலும் நிஜமாகவே நல்ல பின்தான். பிரதாப் சாரைப் பார்த்தேன். அவர் புரொஜெக்டரைப் பார்த்தார்.

ஃபேக்டரியின் தரக்கட்டுப்பாட்டு மேனேஜர் கங்கப்பன் வந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் பச்சையைப் பார்த்தார். "எல்லாம் பச்சையா இருக்கு. சிவப்பு எப்பிடி வரும்? ஒரு தடவ காட்டுங்க."

பிரதாப் சார் பெருமையாகச் சொன்னார்: "சிவப்பே வராது சார்."

"வராதா? அப்ப இது எதுக்கு?"

நான் ஏன் எழுந்தேன்? தெரியல. எழுந்துட்டேன். "வரும் சார்" என்று சொல்லிவிட்டு, மவுஸை வாங்கி, பழைய மேட்சரைத் திரும்ப வைத்து ஓட்டினேன்.

சிவப்பு. சுவர் முழுக்கச் சிவப்பு. கூடவே நான் எழுதியதும். அதை மறந்தே போய்விட்டேன். கங்கப்பன் கண்ணாடியை ஏற்றிவிட்டு எழுத்துக்கூட்டிப் படித்தார்: "அடேய்... குருட்டுப் பயலே... ஒயர் புடுங்கிக் கெடக்கு... யாரப் பாத்து நல்ல பீஸுங்கற?"

நிமிர்ந்தார். "ஏனம்மா, யாரு குருட்டுப் பயலு?"

"ப்ரோக்ராம் சார்."

சிரிக்கவில்லை. "போன மாசம் எங்க லைன்ல, இப்ப இருக்கற பழைய மிஷின்ல ஒயர் புடுங்கிடுச்சு. ஒரு ஷிஃப்ட்டுப் பின் மொத்தத்தையும் கையால அளந்து பொறுக்கினோம். அதக் கேக்கத்தான் வந்தேன்." வேலையை ஏற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போடாமலேயே போய்விட்டார்.

மார்ச் 6, வெள்ளி

"நீயே ராஜினாமா எழுதிக் குடுத்துட்டா உனக்கு மரியாதை" என்றார் பிரதாப் சார். அவரும் பயந்துதான் போயிருக்கிறார். அவருக்கு மேலேயும் ஆள் இருக்கிறதே. அதுக்காக? என் மேட்சர்ல கைய வெச்சது அவரு. போகணும்னா நானா?

பஸ் ஸ்டாண்டு கழிவறையில் அழுதேன். நாற்றம் தாங்காமல் சீக்கிரமே முடித்துக்கொண்டேன்.

மார்ச் 7, சனி

எழுதிக் கொடுக்கவில்லை. ஆபீஸுக்கும் போகவில்லை. அம்மாவிடம் ஃபோனில் "லீவுதான்" என்றேன்.

மார்ச் 10, செவ்வாய்

கங்கப்பன் கூப்பிட்டாராம். ஒயர் விஷயத்தைச் சரிசெய்தால் கையெழுத்து. ஒவ்வொரு முறை சாஃப்ட்வேரைக் கொடுக்கும்போதும் அந்த "வையற டெஸ்ட்ட" அவர் முன்னால் ஓட்ட வேண்டும். ஓட்டுவது அந்தப் பொண்ணாக இருக்க வேண்டும்.

சுபாஷ் மத்தியானத்துக்குள் சரிசெய்துவிட்டான். நான் மேட்சருக்கே டெஸ்ட் எழுதினேன். வேண்டுமென்றே கெட்ட பின்னைக் கொடுத்து, அது 'இல்லை' என்று சொல்கிறதா என்று முதலில் பார்க்கிறேன். இனி யாராவது உள்ளே கைவைத்தால் அதுவே காட்டிக்கொடுக்கும். ராஜினாமா பற்றி பிரதாப் சார் பேசவில்லை. வேறெதுவும் பேசவில்லை.

ஜூன் 18, வியாழன்

காலையில் ஃபேக்டரியிலிருந்து லைன் சூப்பர்வைசர் ஜோதியம்மாள் ஃபோன். "ஏம்மா, உங்க மிஷினு தள்ளு தள்ளுன்னு கத்திக்கினே கெடக்குது, டார்கெட் யாரு எடுக்கறது? உங்கப்பனா?" ஒயரைப் பார்க்கச் சொன்னேன். திட்டிக்கொண்டேதான் போனார். திரும்பி வந்து, எலி கடித்திருக்கிறது என்றார். தள்ளிய பின்களைக் கையால் அளந்து பார்த்தார்களாம். சிலது அளவிலேயே இல்லை. தனியாக எடுத்து வைத்துவிட்டார்கள். "அதுக்குன்னு இப்பிடியா கத்தறது?" என்று மறுபடியும் ஆரம்பித்தார். முழுதும் கேட்டுக்கொண்டேன்.

ஃபோனை வைத்ததும் பிரதாப் சார் கேட்டார், "என்ன சொன்னாங்க?"

"திட்டினாங்க சார்."

"ஒயரா?"

"ஆமா சார். எலி."

அவர் தன் முறுக்குப் பொட்டலத்தை என் பக்கம் தள்ளி வைத்தார்.