மேளம் நின்ற பிறகும்

இல்லை நிவேதா, அன்று உன் தம்பி குடித்திருக்கவில்லை, கஞ்சாவும் இல்லை, ஆஸ்பத்திரி டாக்டரம்மாவும் முதலில் அதைத்தான் கேட்டார், ரத்தம் எடுத்தார்கள், தலையை ஸ்கேன் எடுத்தார்கள், எதுவும் தெரியவில்லை. நீ பெங்களூரில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நலமாக இரு, இங்கே எல்லாரும் நலம் என்று எழுத இந்த முறை கை வரவில்லை. உன் அப்பா தோளில் பதினாறு தையல் போட்ட தழும்போடு இருக்கிறார், கையைத் தூக்க முடியவில்லை. உன் தம்பி வெற்றிவேலின் மணிக்கட்டில் கயிற்றுத் தழும்பு. போனை எடுத்தாலே தன்னைப் பற்றித்தான் பேசுகிறோம் என்று அவன் மிரளுகிறான், அதனால்தான் எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். புளி உலுக்கிய அன்று அப்பா மரத்தடியில் குனிந்து பழம் பொறுக்கிக்கொண்டிருந்தார். இவன் பின்னாலிருந்து வந்து கோவில் கொடுவாளால் வெட்டினான். ஒரே வெட்டு. எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. உடனே கொடுவாளைப் போட்டுவிட்டு, 'இது எங்கப்பன் இல்ல, அப்பன் மாதிரி எவனோ வந்துக்கிறான்' என்று அழுதான். பிறகு ஊர் வந்தது. அதே மரத்தில் கட்டி, புளி உலுக்கிய கழியாலேயே அடித்தார்கள். ஒரு பல் தெறித்து என் காலடியில் விழுந்தது. கட்டும்போது அவன் கால்களைப் பிடித்தவள் நான். ஓடினால் கொன்றுவிடுவார்கள் என்று பிடித்தேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

கொடுவாள் அவனிடம் எப்படி வந்தது என்றாய். நாங்கள்தான் கொடுத்தோம். போன திருவிழாவுக்கு முன்பு, யாரோ தன்னோடு பேசுகிறார்கள் என்று சொல்ல ஆரம்பித்தான். காளியம்மா கூப்பிடுகிறாள் என்று ஊர்க்கவுண்டர் சின்னதம்பி கிடா வெட்டும் கொடுவாளை அவன் கையில் கொடுத்துச் சாமியாடியாக்கினார். சாமியாடியின் வீட்டில்தான் அது வருஷம் முழுக்க இருக்க வேண்டும். நான் மாலை போட்டேன், பெருமையாகத்தான் இருந்தது. அதற்கும் முன்பு நான்கைந்து மாதம் குளிக்காமல், பேசாமல், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தானே, சோம்பேறி என்று விறகுக் கட்டையால் அடித்தேனே, நோய் அங்கேயே தொடங்கிவிட்டது என்கிறார் டாக்டரம்மா.

அவர் நோய்க்குப் பெயர் வைக்க அவசரப்படவில்லை. மூன்று முறை வரச் சொன்னார். இல்லாத குரல் கேட்கிறதா, நடக்காததை நம்புகிறானா, பேச்சு கோர்வையாக வருகிறதா, ஆசையும் அழுகையும் வற்றிவிட்டதா, எத்தனை மாதமாக. கேட்டுக் கேட்டு எழுதினார். இந்த நோயையே முன்பு பல வகையாகப் பிரித்தார்களாம், இப்போது பிரிப்பதில்லையாம், ஸ்கிசோஃப்ரினியா என்று ஒரே பெயர். எந்த ரத்தப் பரிசோதனையும் இதைக் காட்டாதாம். எங்கள் ஊரில் சாமி வருவது வழக்கம்தான் என்றேன். அவர் சிரிக்கவில்லை. மேளம் நின்றால் மற்றவர்களுக்குச் சாமி இறங்கிவிடுமா என்று கேட்டார். இறங்கிவிடும், தண்ணீர் குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள் என்றேன். இவனுக்கு, என்றார். பத்து மாதம், நிவேதா. இறங்கவே இல்லை. இந்த நோய் வந்தவர்களில் பெரும்பாலானோர் யாரையும் அடிப்பதில்லை, அடி வாங்குவதுதான் அதிகம் என்றும் சொன்னார். அந்தப் பல் நினைவுக்கு வந்தது.

மாத்திரை தொடங்கி ஆறு வாரம். குரல் இப்போது தூரத்தில் கேட்கிறதாம். நேற்று அவனாகவே குளித்தான். ஆனால் வெள்ளிக்கிழமை திருவிழா. சின்னதம்பி வாசலில் நின்று, 'இன்னாமே கல்பனா, சாமி வந்த புள்ளைக்கு மாத்திர குடுக்கிறியாமே? நிறுத்து. அவன்தான் கிடா வெட்டணும், இல்லன்னா ஊரோட உங்களுக்குச் சேர்மானம் இல்ல' என்றார். அப்பா எழுந்து வந்து, 'போன தபா கத்தியக் குடுத்தீங்க, நான் வெட்டு வாங்குனேன். இந்த தபா நீங்க குனிஞ்சு நில்லுங்க கவுண்டரே' என்றார். கவுண்டர் காறித் துப்பிவிட்டுப் போனார்.

ஊர் நம்மைத் தள்ளிவைத்தால் வைக்கட்டும், நீ பயப்படாதே. போன் செய்யாதே, எழுது. தம்பிக்கென்று தனியாக நான்கு வரி எழுது, அவனே படிக்கட்டும். உன் உடம்பும் மனசும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கட்டும்.

உன்னைப் பெற்றவள்,
கல்பனா

உறையை ஒட்டும் முன்: கொடுவாளைக் கொண்டுபோய்க் கோவில் படியில் வைத்துவிட்டு வந்தேன். அவனுக்குச் சோறு போட்டேன். மாத்திரையைக் கொடுத்தேன்.