பூஞ்சை தின்ற காரணம்

12-8-84

ஜமுனாமரத்தூர் அருணகிரி சவுண்டு சர்வீஸின் ஏக சக்கரவர்த்தியாகிய நான், நாலு குழாய் ஸ்பீக்கரும் ஒரு பேட்டரியும் சாட்சியாக உறுதி கூறுவது: இனி இந்த டைரியில் வரப்போவதை ஒருத்தரும் நம்பமாட்டார்கள். நானே நம்புவேனா என்பது சந்தேகம்.

என் அக்கா சாந்தம்மாளின் வீட்டுக்காரர் தசரதன் மாமா, பட்டணத்தில் மொழியியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்று இந்த மலைக்குக் குடிவந்தவர். இன்று கூப்பிட்டு ஒரு டிரங்குப் பெட்டியைக் காட்டினார். வகுப்பில் அவர் பேசினதையெல்லாம் மாணவர்கள் பிடித்துக் கொடுத்த ஸ்பூல் டேப்புகள். அவர் வேலை பார்த்த இடத்தில் அவற்றை வைக்க அலமாரி இல்லையாம்.

"எடுத்துக்கோ அருணகிரி. அழிச்சிட்டுப் பாட்டுப் புடிச்சிக்கோ."

அக்கா சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் மட்டும் ஒரு நொடி நின்றது.

14-8-84

பெட்டி முழுக்கப் பூஞ்சை. கத்தரித்தால் மலைக்கே கம்பளி நெய்யலாம். வேட்டியைக் கிழித்து ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைத்து, ஒரு டேப்பை என் பழைய ஸ்பூல் மிஷினில் மாட்டினேன். பக்கத்தில் கேசட் ரிக்கார்டரையும் போட்டு வைத்தேன். பேராசிரியர் குரலில் "அமைதி, அமைதி" என்று கிடைத்தால் திருவிழாவுக்கு ஆகுமே!

அடேயப்பா, மாமாவா அது? அந்தக் குரலுக்கு எதிர்மலையில் நாலு பாறை உருண்டது.

"குப்பன் ஆட்டை விற்றான். குப்பன் விற்ற ஆடு திரும்பி வந்தது. ஆடு திரும்பி வந்ததை அவன் மனைவி அவனிடம் சொல்லவில்லை."

ஏதோ பாடத்துக்கு உதாரணமாம். பாடம் எனக்கு ஏறவில்லை. ஆடு ஏறிவிட்டது. ஏன் சொல்லவில்லை? காதைக் கொண்டுபோய் ஒட்டிக்கொண்டேன்.

"சொல்லாததற்குக் காரணம்..." கர்ர்ர்ர். அந்த இடத்தைப் பூஞ்சை தின்றுவிட்டது.

முடிந்ததும் பார்த்தால் மிஷின் தலை முழுக்கப் பழுப்புத் தூள். மறுபடி போட்டால் பாதிக் குரல்தான் வருகிறது. ஆக, ஒவ்வொரு டேப்புக்கும் ஒரே ஒரு ஓட்டம்தான் ஆயுசு. ஓடும்போதே பிடித்தால் உண்டு. இல்லையென்றால் மாமா தூளோடு போனார்.

அழிப்பதாவது? குப்பன் வீட்டுச் சங்கதி அடுத்த டேப்பில் வந்தாலும் வரும்!

17-8-84

அக்கா மகள் வசந்தி வேலூரில் வேலை பார்க்கிறாள். தபால் ஆபீசிலிருந்து போன் போட்டேன்.

"காலி கேசட்டு நெறைய அனுப்பு கண்ணு. உங்கப்பா டேப்ப காப்பி எடுக்கணும்."

"அப்பாவுக்குத் தெரியுமா மாமா?"

"அவரு சொல்லித்தானே செய்றேன்."

"எங்க, சத்தியம் பண்ணு பாக்கலாம்."

"லைன் சரியில்ல கண்ணு" என்று வைத்துவிட்டேன்.

27-8-84

பிடிக்கிறேன். தூள் உதிர்கிறது. பிடிக்கிறேன்.

3-9-84

சந்தை. மைக் செட் டெஸ்ட் பண்ணக் குப்பன் கேசட்டைப் போட்டேன். கூட்டம் ஒரு லட்சம், மரத்துக் குரங்குகளையும் சேர்த்து. புளி விற்கிற பச்சையம்மா தராசைக் கீழே வைத்துவிட்டு வந்தாள்.

"யோவ் செட்டுக்காரரே, அவ ஏன் சொல்லல?"

"அந்த எடத்துல டேப்பு போய்ட்ச்சிம்மா."

"பேசுனவரு இருக்காருல்ல? கேட்டுகினு வா."

சாமை மூட்டை மேல் உட்கார்ந்திருந்த மாதையன், "இன்னா, ஆட்டக் கொழம்பு வச்சித் தின்னுட்டிருப்பா" என்றான்.

"உம் பொண்டாட்டியாட்டம் எல்லாரும் இருப்பாங்களா?" என்றாள் பச்சையம்மா. மாதையன் வேறு சந்தைக்கே போய்விட்டான்.

பஸ் டிரைவர் முனிசாமி கேசட்டை இரவல் வாங்கிப்போனான். மலைப்பாதையில் இறங்கவேண்டியவர்கள் யாரும் இறங்காமல் கண்ணமங்கலம் வரை போய்விட்டார்களாம், ஆட்டுக்காக.

10-9-84

மாமா கடைக்கு வந்தார். உட்காரவில்லை.

"அழிக்கச் சொன்னேனே."

நான் ஸ்குரூ தேடினேன்.

"சந்தையில வச்சிச் சிரிக்கிறாங்களாம். முப்பது வருஷம் பேசினது. மீதிப் பெட்டியக் கொண்டுவந்து குடு. கெணத்துல போட்டுடறேன்."

"சிரிக்கலீங்க மாமா..."

போய்விட்டார். இன்னும் பாதி டேப் பிடிக்கவில்லை. இன்னாடா பண்ணி வச்சிருக்கே அருணகிரி? ஒரு கோமாளித்தனத்துக்கு ஒரு மனுஷனோட வாயே போவுதே. நாளைக்குக் கொண்டுபோய்த்தான் ஆகணும். இன்று பொய் எழுத ஒன்றும் வரவில்லை.

11-9-84

பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். வீட்டில் பச்சையம்மா அக்காவுக்குப் புளி கொடுக்க வந்திருந்தாள். மாமாவைக் கண்டதும் விட்டாளா?

"நீங்கதானா சாமி? அவ ஏன் சொல்லலன்னு சொல்லுங்க."

மாமா என்னைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். சிரிக்கிற முகமில்லை அது, கணக்குக் கேட்கிற முகம்.

"அது உதாரணம்மா. ஒரு வருஷம் பயம்னு சொல்வேன், ஒரு வருஷம் ஆசைன்னு சொல்வேன். நெசக் காரணம் எனக்குத் தெரியாது."

"அந்தம்மாவக் கேட்டிருக்கலாமில்ல?"

அடுப்பங்கரையிலிருந்து அக்கா குரல் வந்தது.

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

பச்சையம்மா வாயில் கை வைத்தாள். நானும்தான்.

அக்கா புளிக் கையோடு வாசலுக்கு வந்தாள். "மொத மொத பட்டணத்துக்குப் படிக்கப் போறாரு. ரயிலு செலவுக்கு ஆட்ட வித்தாச்சி. ராவுல அது கயித்த அறுத்துகினு வந்து நிக்குது. சொன்னா, வாங்குனவன் வூட்ல வுட்டுட்டுத்தான் போவேன்னு கெளம்பிடுவாரு. ரயிலு போய்டும். அப்பறம் எங்க படிக்கிறது? இவர வண்டி ஏத்திட்டு நானே ஓட்டிகினு போயி வுட்டேன்."

"எனக்கு அடுத்த லீவுலதான் தெரியும்" என்றார் மாமா. "வாங்கினவர் சொன்னார்."

"தெரிஞ்சும் கேக்கல" என்றாள் அக்கா.

"கேக்கல."

பிறகு மாமா கேட்டார். "அருணகிரி, கேசட்டுல அந்த எடம் எவ்வளவு காலியா இருக்கு?"

"ஒரு நிமிஷம் இருக்கும் மாமா."

"பத்தாது. புதுசு ஒண்ணு போடு. சாந்தா, கையக் கழுவிட்டு மைக் முன்னால வந்து உக்காரு."

பெட்டியை எங்கே வைக்கட்டும் என்று கேட்டேன். கடைக்கே எடுத்துப்போகச் சொன்னார்.

2-12-84

மழை. ஸ்பூல் எல்லாம் சருகு. கேசட்டுகள் தகர டப்பாவில் பத்திரம். வசந்திக்கு ஒரு காப்பி அனுப்பினேன், பழைய மாணவர்கள் அவளிடம் கேட்டு வாங்கிப்போகிறார்கள். பூஞ்சை தின்ற இடங்களை மாமா புதிதாகப் பேசி அடைத்துக்கொண்டிருக்கிறார். ஸ்பீக்கர் இரைகிறதாம், திட்டுகிறார். அக்கா பேசிய கேசட்டை மட்டும் எனக்கே தரவில்லை. வீட்டில் வைத்திருக்கிறார்.

டைரியைப் புரட்டிப் பார்த்தேன். பாறை உருண்டது புளுகு. ஒரு லட்சம் புளுகு. குரங்கு இரண்டுதான். பஸ்ஸில் ஒருத்தன்தான் இறங்கவில்லை, அவனும் தூங்கிவிட்டான்.

ஆடு திரும்பி வந்தது மட்டும் நிஜம்.