கூப்பிய கை

ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை இரவு

முன்னாள் அமைச்சர் மீதான நில அபகரிப்பு வழக்கில், அரசு வக்கீலான என்னுடைய முதல் சாட்சி இன்று ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் கூண்டேறினார். வன்னியம்பட்டி விவசாயி. வீடு தேடி வந்து மிரட்டிக் கையெழுத்து வாங்கியவரை அடையாளம் காட்டச் சொன்னேன். அமைச்சர் உட்பட, குற்றம் சாட்டப்பட்ட நான்கு பேர் வரிசையாக நின்றார்கள். விரலை நீட்ட வேண்டிய மனிதர் அந்தப் பக்கம் பார்த்துக் கும்பிட்டார். அமைச்சரும் பழக்கத்தில் சிரித்தபடி பதிலுக்குக் கும்பிட்டுவிட்டார்.

நீதிபதி மறுபடி கேட்டும் சாட்சி வாய் திறக்கவில்லை. கூப்பிய கையும் இறங்கவில்லை.

"மரியாதை செய்தது அடையாளம் காட்டியதாகாது" என்றார் எதிர்த்தரப்பு வக்கீல். "நால்வரில் ஒருவர்தானே திருப்பிக் கும்பிட்டார்?" என்றேன். எதையும் பதிவு செய்யாமல், நாளை வாதிடச் சொல்லிவிட்டார் நீதிபதி.

வராந்தாவில் சாட்சியிடம் சத்தம் போட்டேன். "என்ன அண்ணாச்சி, ஒரு விரல நீட்ட முடியலயா?"

"நிலத்தப் புடுங்குனது அவியதான், தாயி. நேர்ல பாத்ததும் கை தன்னால கூடிருச்சு. நான் என்ன செய்ய?"

ராஜபாளையம் பஸ் ஏறிவிட்டேன். அந்தக் கும்பிடுக்கு என்ன அர்த்தம் என்று நாளை நான்தான் விளக்க வேண்டும்.

இன்று காலையில் அமைச்சர் உள்ளே நுழைந்தபோது நீதிபதி இருக்கைக்கு வந்திருக்கவில்லை. ஆனாலும் கோர்ட் முழுக்க எழுந்து நின்றது.

நானும்தான்.