நான்காவது காற்றுப் பை

நாள் 211 – 09:20
செவ்வாய், மூன்றாம் முகாம். எழுதுபவர் பொற்கொடி, வாகனப் பொறியாளர்.
தலைவர் துரைசிங்கம் காலை ஆறு மணிக்குப் புதிய வண்டியில் ஏவுதளம் கிளம்பினார். 310 கி.மீ. எரிபொருளைச் சோதித்துவிட்டு நான்கு நாளில் வந்து என்னை அழைத்துப்போவதாகச் சொல்லியிருக்கிறார். எங்களை மேலே சுற்றுக்கலத்துக்கு ஏற்றிச்செல்லும் ஏறுகலம் நாள் 219 நண்பகலில் அங்கிருந்து புறப்படும். அதை விட்டால் அடுத்தது இருபத்தாறு மாதம் கழித்து.
கொட்டகையில் நிற்கும் பழைய ஃபோர் வீல் டிரைவைத் தூக்கிப் பிடிக்கும் காற்றுப் பைகள் (ஏர் சஸ்பென்ஷன்) இறங்கிவிட்டன. வண்டி வயிறு தரையில் படப் படுத்திருக்கிறது. பதினோரு வருட வண்டி.

நாள் 212 – 10:05
ரேடியோவில் வண்டியைப் பற்றிச் சொன்னேன். பதில்: “பொற்கொடி, அந்தக் கிழட்டு வண்டியத் தொடாதீங்க. நான்தான் வரேன்ல? ரெஸ்ட் எடுங்க.”
சும்மா இருக்க முடியவில்லை. கொட்டகைக் கதவை மூடி உள்ளே காற்று நிரப்பினேன். ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்துக்கு மேலுள்ள காற்றுப் பைகளில் சிலிண்டரிலிருந்து காற்று விட்டு, சோப்புத் தண்ணீர் அடித்தேன். மூன்று பைகளின் மடிப்புகளில் பொடிப்பொடியாகக் குமிழ்கள். வயதான ரப்பர், ஒட்டிவிடலாம். நான்காவதில், பின்பக்க இடதில், குமிழே இல்லை; காற்று நிற்கவே இல்லை. கையை விட்டுத் தடவினேன். ஒரு சாண் நீளத்துக்குப் பிளவு, நேர்க்கோட்டில்.
ரப்பர் தானாக வெடித்தால் நேராக வெடிக்காது. இது கத்தி.
காற்று தங்காத பையை நிரப்ப முயன்று கம்ப்ரஸர் விடாமல் ஓடி எரிந்துபோயிருக்கிறது.

நாள் 213 – 14:40
சுற்றுக்கலத்தைக் கூப்பிட்டேன். பதில் இல்லை. ரேடியோவைத் திறந்தால், சுற்றுக்கலத்துக்கு அனுப்பும் மின்பலகையைக் காணோம். வண்டியோடு பேசலாம்; மேலே பேசுவதைக் கேட்க மட்டும் முடிகிறது. கேட்டேன்.
சுற்றுக்கலத்தில் எங்களுக்காகக் காத்திருக்கும் ஸ்டெல்லா: “பொற்கொடி எங்க சார்?”
துரைசிங்கம்: “முகாம்ல காத்துக் கசிவும்மா. காப்பாத்த முடியல.”
ஸ்டெல்லா அழுதாள். நான் செத்துவிட்டேன்.
காரணத்தை எழுதிவைக்கிறேன். எங்களோடு நிஜாமுதீன் என்ற நிலவியலாளன் இருந்தான். நாள் 140இல் வெளியே வேலை செய்யும்போது மூச்சு முட்டிச் செத்தான். அவனுடைய சிலிண்டரைச் சோதித்ததாகக் கையெழுத்திட்டவர் துரைசிங்கம். சோதிக்கவே இல்லை என்பதைப் போன வாரம் கண்டுபிடித்தேன். மேலே போனதும் புகார் கொடுப்பேன் என்று அவர் முகத்துக்கு நேராகச் சொன்னேன். தாராளமாகக் கொடுங்கள் என்று சிரித்தார்.
சிரித்தான்.

நாள் 215 – 16:30
மூன்று பைகளுக்கு ஒட்டுப் போட்டாயிற்று. நான்காவதற்கு மாற்றுப் பை இல்லை. நிஜாமின் விண்வெளி உடையை எடுத்தேன். கால் பகுதியை வெட்டி, கிழிந்த பைமேல் இரண்டு அடுக்காகப் போர்த்தி, இரும்புப் பட்டையால் இறுக்கினேன். இங்கே எடை பூமியில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் கூட. தாங்கும்.
அவன் இருந்தால் அவனே வெட்டித் தந்திருப்பான்.
கம்ப்ரஸர் தேறாது. ஒவ்வொரு பைக்கும் டயர் வால்வு வைத்துவிட்டேன். ஏவுதளம் போகும் வழியில் பை இறங்கினால் வண்டியை நிறுத்தி, சிலிண்டரிலிருந்து நிரப்ப வேண்டும். நான் சுவாசிக்கும் சிலிண்டர்.
16:52. வால்வைத் திறந்தேன். வண்டி முனகிக்கொண்டு எழுந்து நின்றது. கெட்ட வார்த்தையில் துரைசிங்கத்தைத் திட்டினேன். ஏழு மாதத்தில் நான் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

நாள் 217 – 13:15
இன்று விடியலில் ஏவுதளத்துக்குக் கிளம்பினேன். 96 கி.மீ. வந்தாயிற்று. நான்கு முறை நிறுத்தி நிரப்பினேன். ஒவ்வொரு முறையும் இருபது நிமிட மூச்சு போகிறது. பின்பக்க இடதுதான் மோசம். பாறையில் ஏறினால் சக்கரம் வண்டியின் உடம்பில் உரசிக் கத்துகிறது.
அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். வேறு எதையும் யோசிப்பதில்லை.

நாள் 218 – 15:40
241 கி.மீ. முன்பக்க ஒட்டு ஒன்று பிய்ந்தது. வண்டி சாய்ந்தே போகிறது. மூச்சுக்கான காற்று ஒரு நாளைக்குத்தான் இருக்கிறது. நிரப்பாமல் போனால் அச்சு உடையும். நிரப்பினால் நான். நிரப்பினேன்.
தலை வலிக்கிறது. எழுத்து கோணுகிறது.

நாள் 219 – 11:41
வந்துவிட்டேன். அவன் ஏறுகலத்துக்குப் பின்னால் எரிபொருள் குழாயைக் கழற்றிக்கொண்டிருந்தான். என்னைப் பார்க்கவில்லை. ஏணியில் ஏறி, உள்ளே போய்க் கதவைப் பூட்டினேன்.
ரேடியோவில் அவன் குரல்: “யாரு உள்ள? யாரது?”
பெயரைச் சொன்னேன்.
“அம்மா, பொற்கொடி, மூணு சீட் இருக்கும்மா. சேந்தே போயிரலாம். தப்புதான், ஒத்துக்கிறேன்.”
ஸ்டெல்லா: “பொற்கொடி! உயிரோட இருக்கியா?”
அவளிடம் எல்லாம் சொன்னேன்.
“அவரையும் ஏத்திக்க. விசாரணை இங்க நடக்கட்டும். ப்ளீஸ்டி.”
கதவைத் திறக்கவில்லை.

11:58
ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறான். எஞ்சினுக்கு நேர் கீழே. தள்ளிப் போகச் சொல்லலாம். சொல்லவில்லை. இருவரும் என் பெயரைச் சொல்லிக் கத்துகிறார்கள்.
கை பொத்தானில்

12:11
எடை இல்லை. ஸ்டெல்லா கலங்களை இணைப்பதற்கான எண்களை மட்டும் வாசிக்கிறாள்.
எனக்கு நன்றாகப் பசிக்கிறது.